சுயநலம் பார்த்து வாக்களிப்பது குற்றமா?

லிந்துலை வாசகன்

தேர்தல் வந்துவிட்டால் மேடைக்கு மேடை ஒரே வசனம்: சுயநலத்தை ஒதுக்கி வையுங்கள், சமூகத்துக்காக வாக்களியுங்கள். சொல்கிறவர் அதே மூச்சில் தன் விருப்பு வாக்கு இலக்கத்தையும் சொல்லிவிடுவார், அது கிடக்கட்டும். என் கேள்வி வேறு. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) தண்ணீர், காணிக்கு உறுதிப் பத்திரம், நாட்சம்பளம் என்று தன் பாட்டைப் பார்த்து ஒருவர் வாக்களித்தால் அது ஒழுக்கக் குறைவா? சுயநலத்தின் மேலேயே ஜனநாயகத்தைக் கட்டலாம் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு நம் இலங்கை மலையகத் தோட்டங்களில் செல்லுமா? சங்க வேலை, உள்ளூராட்சி, அரசியல் தத்துவம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விஷயம் போதும்.

பழைய நூலகம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். "தொழிலாளர் நலன்" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. "சுயநலம்" என்றால் அது திட்டு. ஆனால் தொழிலாளர் நலன் என்பது ஆயிரம் பேருடைய சுயநலத்தின் கூட்டுத்தொகைதானே? கூட்டினால் புண்ணியம், பிரித்தால் பாவம் என்பது விசித்திரமான கணக்கு.

இதை நன்றாகப் பிரித்துப் பார்த்தவர் பிரெஞ்சுக்காரர் தொக்வில். 1831 இல் அமெரிக்கா போய் ஒன்பது மாதம் சுற்றிவிட்டு, அங்குள்ள ஜனநாயகத்தைப் பற்றி 1835 இலும் 1840 இலும் இரண்டு பாகமாக எழுதினார். இரண்டாம் பாகத்தில் மூன்று விஷயங்களைத் தனித்தனியே வைக்கிறார். ஒன்று, தன்மேல் மட்டும் வெறி கொண்ட பேராசை. அது உலகம் தோன்றிய நாள் முதல் உண்டு. இரண்டாவது, ஜனநாயகத்தில் புதிதாக வருவது: யாருக்கும் கெடுதல் நினைக்காமல், குடும்பத்தோடும் நாலு கூட்டாளிகளோடும் ஒதுங்கிக்கொண்டு ஊர்க்காரியத்தைக் கைவிடுவது. அவருக்குப் பெரிய பயம் இந்த இரண்டாவதில்தான். மூன்றாவது, "சரியாகப் புரிந்துகொண்ட தன்னலம்". பக்கத்து வீட்டுக்காரனுக்கு இன்றைக்குச் சிறிது விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எனக்கே திரும்பி வரும் என்று தெரிந்து செய்வது.

இது உயர்ந்த அறம் இல்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். வீரர்களையும் துறவிகளையும் அது உருவாக்காது. ஆனால் ஒழுங்கான, நிதானமான குடிமக்களைப் பெருந்தொகையில் உருவாக்கும் என்கிறார். இன்னொன்றும் கவனித்திருக்கிறார், எனக்குப் பிடித்தது இதுதான்: அமெரிக்கர்கள் மனமுவந்து செய்த உதவியையும் "லாபத்துக்குத்தான் செய்தேன்" என்று சொல்லிக்கொள்வார்களாம். நாம் நேர்மாறு. லாபத்துக்குச் செய்ததையும் சேவை என்போம்.

கொத்மலைக் காற்று

அப்படியென்றால் கூரைத் தகரத்துக்கும் சாராயத்துக்கும் வாக்கைக் கொடுப்பதும் சரியாகப் புரிந்துகொண்ட தன்னலமா? நல்ல சாக்கு.

பழைய நூலகம்

அது புரிந்துகொள்ளாத தன்னலம். பத்துத் தகரம் ஒரு முறைதான் வரும், வாக்கு ஐந்து வருடத்துக்குப் போய்விடும். சட்டத்திலும் அது ஊழல். 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், வாக்காளருக்குச் சாப்பாடு, குடி கொடுத்து இழுப்பதையும் குற்றத்தில்தான் சேர்க்கிறது. ஆனால் வாங்குகிறவரை மட்டும் திட்டிவிட்டுப் போகாதீர்கள். தகரத்தைவிட நல்ல ஒன்று வாக்குக்குக் கிடைக்கும் என்பதற்கு அவர் என்ன அத்தாட்சி பார்த்திருக்கிறார்?

பெரட்டுக்களம்

சுயநலம் என்றதும் கொழுந்து பறிக்கிற கையை மட்டும் ஏன் பார்க்கிறோம்? கருணையால் இல்லை, தன் லாபத்துக்காகவே நமக்கு இறைச்சி தருகிறார் என்று பொருளியலாளர் அடம் ஸ்மித் சொன்ன இறைச்சிக் கடைக்காரர் எல்லாருக்கும் மனப்பாடம். அதே 1776 ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கூலி பற்றிய அதிகாரத்தை யாரும் எடுப்பதில்லை. முதலாளிமார் எப்போதும், எல்லா இடத்திலும், கூலியை உயர்த்தாமல் வைக்கச் சத்தமில்லாத ஓர் ஒற்றுமையில் இருக்கிறார்கள், அது இயல்பான நிலை என்பதால் யார் காதிலும் விழுவதில்லை என்கிறார். தொழிலாளர் சேர்ந்தால் மட்டும் ஊர் முழுக்கக் கேட்குமாம்.

நம் மலைக்கு இதை வைத்துப் பாருங்கள். தோட்ட முதலாளிமாரின் சங்கம் 1854 இல் கண்டியில் தொடங்கியது. தோட்டத் தொழிலாளருக்கென்று நடேச ஐயர் அட்டனில் சம்மேளனம் அமைத்தது 1931 இல். நடுவில் 77 வருடம். அந்த 77 வருடமும் மேலே இருந்தவர்களுக்குச் சுயநலம் சங்கமாக இருந்தது, கீழே இருந்தவர்களுக்குக் காம்பரா காம்பராவாக (லயத்து அறை அறையாக) பிரிந்து கிடந்தது. ஒழுக்கப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்திலிருந்து தொடங்கட்டும்.

வட்டாரம் ஏழு

பழைய நூலகம் கேட்ட "அத்தாட்சி" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். தொக்வில் தன் வாதத்துக்குச் சொல்லும் உதாரணமே ஒரு ரோட்டுதான். நாட்டின் தலைவிதியைப் பற்றிப் பேசினால் மனிதன் அசைய மாட்டான், அவன் காணியின் ஓரமாக ஒரு ரோடு போகப் போகிறது என்றால், தன் சொந்தக் காரியத்துக்கும் பொதுக் காரியத்துக்கும் உள்ள முடிச்சை உடனே பார்த்துவிடுவான் என்கிறார். அதாவது உள்ளூராட்சிதான் பள்ளிக்கூடம்.

நம் ஆட்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதி தோட்டக் குடியிருப்புக்குள் போகாமல் தடுத்து வைத்திருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அவர் லயத்துக்கு ஒரு மின்குமிழ் போட நினைத்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும். 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்தன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. பிரிவதற்கு முன்பு அந்த இரண்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். அத்தனை பேருக்கு ஒரு தவிசாளர் என்றால் யாருடைய ரோடு யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆகவே 31 வருடம் வாக்குக்கும் ரோட்டுக்கும் தொடர்பு இல்லை என்று சட்டமே கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர்தான் தகரம் வாங்கினார். அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது கேட்கிறவர்களுக்கு நடைமுறை: காணி அரசுடையது, ஆனால் 53 வருடக் குத்தகையில் கம்பனியிடம் இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தைச் சபைக்குக் கொடுக்கும்போதே துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) பிரதி கொடுத்து, ஆட்சேபனை இல்லை என்பதை எழுத்தில் வாங்கி இணையுங்கள். நீளம், அகலம், பயன்படும் குடும்ப எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிப்பு என்றால் 30 கன மீட்டர் கொங்கிரீட். இந்த எண் கடிதத்தில் இருந்தால், பிறகு 7 சென்டிமீட்டர் போட்டுவிட்டுப் போகும்போது யாராவது அளவுகோலோடு வருவார்கள். ஓரத்தில் கான் (வடிகால்) வெட்டுவதை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கான் இல்லாத கொங்கிரீட் ரோட்டின் அடி மண்ணை இரண்டு மழைக்காலம் அரித்துவிடும், மேல் தட்டு அந்தரத்தில் நிற்கும்.

கொத்மலைக் காற்று

சரி, ரோடு எல்லாருக்கும். அப்போது நான் ஏன் அலைய வேண்டும்? பக்கத்து லயத்தான் அலையட்டும், ரோடு வந்தால் நானும் நடப்பேன். சுயநலம் இப்படித்தானே யோசிக்கும்?

பெரட்டுக்களம்

அண்ணே, இதைத்தான் அமெரிக்கப் பொருளியலாளர் மன்சர் ஒல்சன் 1965 இல் எழுதினார். பலன் எல்லாருக்கும் போய்ச் சேரும், யாரையும் விலக்க முடியாது என்றால், புத்தியுள்ள ஒருவர் செலவை அடுத்தவர் தலையில் விட்டுவிடுவார். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இது மோசமாகும். தொழிற்சங்கம் அவருடைய முக்கிய உதாரணம்.

நம் கணக்கு: குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் சம்பளச் சபை 2021 மார்ச்சில் 900 அடிப்படை, 100 படி என்று நாளொன்றுக்கு 1000 ரூபாயை நிர்ணயித்தது. சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் அதே 1000. அப்படியானால் ஏன் சந்தா கட்ட வேண்டும்? ஒல்சனின் பதில்: அங்கத்தவருக்கு மட்டும் கிடைக்கும் தனிப் பலன் வேண்டும். மலையகச் சங்கங்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டன. தொழில் நியாய சபையில் வழக்கு, சேமலாப நிதிப் படிவம், பெயர் பிழைத் திருத்தம், துரையோடு பேச ஒரு தலைவர். இவையெல்லாம் சந்தா ரசீது உள்ளவருக்கு.

இதனால் வருகிற கோளாறும் உண்டு. தனிப் பலன்தான் ஆளைப் பிடித்து வைக்கிறது என்றால் சங்கம் மெல்ல ஒரு கந்தோராகிவிடும் (அலுவலகமாகிவிடும்). அங்கே வேலை நடக்கவில்லையா, அடுத்த மாதம் வேறு சங்கத்தின் படிவத்தில் கையெழுத்து. 1935 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். ஆனால் முதலாளி பேச மறுக்க முடியாத நிலைக்கு வர, 1999 ஆம் ஆண்டுத் திருத்தப்படி தொழிலாளரில் 40 வீதம் வேண்டும். ஏழுக்கும் நாற்பது வீதத்துக்கும் நடுவில்தான் மலையகத் தொழிற்சங்க அரசியல் முழுவதும் ஓடுகிறது. தலைவராக ஆசைப்படுகிறவருக்கு ஏழு பேர் போதும், கூலியை உயர்த்த அது போதாது.

பீலிக்கரை

சங்கத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். "சரியாகப் புரிந்துகொள்வது" என்பது புத்தி சொல்லி வருவதில்லை, அமைப்பைப் பார்த்து வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

ஒரு உதாரணக் கணக்கு. ஓர் ஊற்று, நான்கு லயம், லயத்துக்குப் 12 குடும்பம், மொத்தம் 48. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 240 பேர். 20 லீற்றர் வாளி 40 செக்கனில் நிரம்பினால் நாளுக்கு 43,200 லீற்றர். தாராளம், யாருக்கும் சண்டை வராது. மார்ச் மாதம் அதே வாளிக்கு 160 செக்கன் என்றால் 10,800 லீற்றர், ஆளுக்கு 45. சுயநலம் இங்கேதான் முகம் காட்டும். ஆகவே எப்போதும் வரட்சியில் அளந்த எண்ணை வைத்துத் திட்டம் போடுங்கள், ஐப்பசி மழையில் அளந்த எண்ணை வைத்து இல்லை.

வழக்கமாகச் செய்வது: மேலே ஒரு தாங்கி, அதிலிருந்து ஒரே குழாய், வழியில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கிளை. "எல்லாருக்கும் ஒரே அரை அங்குலக் குழாய், சமம்" என்பார்கள். சமம் இல்லை. 30 மீட்டர் கீழே இருக்கும் லயத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் அங்கே இறங்கிவிடும், மேல் லயத்துக் குழாய் காற்றைத் துப்பும். மேல் லயத்தார் என்ன செய்வார்கள்? தாங்கிக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு குழாய் இழுத்துச் சொந்தப் பீப்பாயில் விடுவார்கள். இப்போது கீழே வராது. கீழே இருப்பவர் இரவில் குழாயை மூடாமல் வைப்பார், எப்போது வந்தாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று. இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்று செய்தது, சேர்ந்து தாங்கியைக் காலியாக்குகிறது.

மாற்று: தாங்கிக்குக் கீழே ஒரு பிரிப்புத் தொட்டி. தண்ணீர் ஒரு பக்கம் வந்து அமைதியாகி, எதிர்ச் சுவரில் ஒரே மட்டத்தில் வெட்டிய நான்கு முக்கோண வெட்டுகள் வழியாக வழியட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் தனிச் சிறு தொட்டி, அதிலிருந்து தனிக் குழாய். கீழ் லயத்தின் இழுவை இனி மேல் லயத்தைத் தொடாது. அதைவிட முக்கியம், யார் வந்து எட்டிப் பார்த்தாலும் நான்கு தண்ணீரும் ஒரே தடிப்பில் விழுவது கண்ணுக்குத் தெரியும்.

லிந்துலை வாசகன்

லயத்துக்கு லயம் குடும்ப எண்ணிக்கை வேறாக இருந்தால்? ஒன்றில் 16, இன்னொன்றில் 8?

பீலிக்கரை

வெட்டைப் பெரிதாக்காதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நாலு குடும்பத்துக்கு ஒரு வெட்டு, 48 குடும்பத்துக்குப் 12. பதினாறு உள்ள லயத்தின் தொட்டிக்குள் நாலு வெட்டு விழட்டும், எட்டு உள்ளதற்கு இரண்டு. எல்லா வெட்டும் ஒரே அச்சில் வெட்டியதாக இருக்க வேண்டும். பெரிய வெட்டு, சின்ன வெட்டு என்று வைத்தால் அந்தக் கணக்கு மேசனுக்கு மட்டும்தான் விளங்கும், அதோடு சந்தேகமும் பிறக்கும்.

பிழை வருவது மட்டத்தில்தான். நான்கு 90 பாகை வெட்டுகளில் செக்கனுக்கு அரை லீற்றர் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் சுமார் 24 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். அதில் ஒரு வெட்டு 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் அதன் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகும். வரட்சியில் உயரம் 14 மில்லிமீட்டருக்கு இறங்கும், அப்போது அதே 5 மில்லிமீட்டர் பிழை பங்கை மூன்றில் ஒன்றாக்கிவிடும். அதனால் வெட்டுத் தகட்டைச் சீமெந்தில் புதைக்காமல் போல்ட் போட்டு, துளையை நீள்வட்டமாக வையுங்கள், ஏற்றி இறக்கலாம். மண் இறங்கித் தொட்டி சாய்வது மலையில் சாதாரணம். வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதத்தில், ஒளி புகும் குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு லயத்தாரும் பார்க்க மட்டம் பிடியுங்கள்.

பழைய நூலகம்

அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஒஸ்ட்ரோம் 1990 இல் எழுதியதும் 2009 இல் நோபல் வாங்கியதும் இதற்குத்தான். நீர், காடு, மீன்பிடி போன்ற பொதுச் சொத்தை அரசு இல்லாமலும் தனியார் இல்லாமலும் நீண்டகாலம் காத்த ஊர்களில் என்ன பொதுவாக இருந்தது என்று தேடினார். யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவு. விதி, சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே போட்டது. கண்காணிப்பவர் அவர்களுக்கே பதில் சொல்ல வேண்டியவர். தண்டனை சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. இப்படி எட்டு. சுயநலமில்லாத மனிதர் என்ற நிபந்தனை அந்த எட்டில் இல்லை.

சாமிமலைச் சரித்திரம்

"யார் உள்ளே, யார் வெளியே" என்று எழுதினீர்களே, அதில் நிற்க வேண்டும். ஊற்று விஷயத்தில் அது தொழில்நுட்பக் கேள்வி. நாட்டில் அது அதிகாரக் கேள்வி. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது, வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வாக்கு முடிவை மாற்றக் கூடியதாக இருந்தது. அடுத்த வருடமே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை போயிற்று. 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தம், வாக்கும் போயிற்று. இதுவும் பாராளுமன்றத்தில் பெரும்பான்மையால், விதிப்படி நடந்ததுதான். பெரும்பான்மையின் நலன் அங்கே கணக்குப் பார்த்தது, நன்றாகவே பார்த்தது. தமிழ்க் காங்கிரசை உடைத்துச் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கும் இந்த விஷயம் ஒரு காரணம்.

ஆகவே "ஒவ்வொருவரும் தன் நலனைப் பார்த்தால் எல்லாம் சமப்படும்" என்ற கணக்குக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: எல்லாரும் கணக்கில் இருக்க வேண்டும். வாக்கு இல்லாதவருடைய நலனை யாரும் பிழையாகக்கூடப் புரிந்துகொள்ள மாட்டார்கள், அது மேசைக்கே வராது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அந்தப் பிரிப்புத் தொட்டியில் தண்ணீர் பேசவில்லை. நாடற்றவர் பிரச்சினையை முடிக்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருடம்.

வட்டாரம் ஏழு

ஒப்புக்கொள்கிறேன். பாராளுமன்றத் தேர்தலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது, விருப்பு வாக்கு. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனம். கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பிறகு வேட்பாளருக்கு மூன்று வரை. ஒரே பட்டியலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தோற்கடித்தால்தான் உள்ளே போகலாம். அப்போது வேட்பாளரின் சுயநலம் என்ன சொல்லும்? பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தினால் பெயர் கட்சிக்குப் போகும். தகரம் கொடுத்தால் பெயர் எனக்கு. தகரமும் பிளாஸ்டிக் கதிரையும் கோயில் மணியும் ஏன் ஓயவில்லை என்பதற்குப் பாதி விடை இந்த வாக்குச் சீட்டில் இருக்கிறது. 2023 இல் தேர்தல் செலவைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, அது செலவைத்தான் தொடும், இந்தத் தூண்டுதலைத் தொடாது.

வாக்காளருக்கு ஒன்று: மூன்றுக்கு மேல் விருப்பு இட்டால் விருப்புகள் விழாது, கட்சி வாக்கு மட்டும் செல்லும். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்தில் மட்டும் போட்டால் சீட்டே கழிக்கப்படும். ஜனாதிபதித் தேர்தலின் 1, 2, 3 பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். தன்னலமோ பொதுநலமோ, கழிக்கப்பட்ட சீட்டில் இரண்டும் இல்லை.

கொத்மலைக் காற்று

பீலிக்கரை, சண்டைக்குக் கேட்கவில்லை, வேலைக்குக் கேட்கிறேன். 48 வீடும் மாதம் 150 கட்டினால் 7,200. பராமரிப்பாளருக்கு 3,000 போனால் மீதி குழாய்க்கும் வால்வுக்கும். மூன்று வீடு கட்டவில்லை என்றால் 450தானே குறையும், விட்டுவிடலாமா?

பீலிக்கரை

450 ஆல் திட்டம் சாகாது. மற்ற 45 வீடும் "அவர்கள் கட்டாமலே குடிக்கிறார்கள்" என்று பார்ப்பதால் சாகும். பெயர்ப் பலகை தொட்டியடியிலேயே இருக்கட்டும், கட்டிய மாதத்துக்கு எதிரே ஒரு கோடு. முதல் மாதம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பலகை சொல்லும். இரண்டாம் மாதம் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும், முடியாதவராக இருந்தால் கான் வெட்டும் வேலையில் ஒரு நாள் நிற்கட்டும், அது கணக்கில் சேரும். மூன்றாம் மாதம் வீட்டுக் குழாயை அடைத்து, பொதுப் பீலியில் வாளியில் பிடிக்க விடுங்கள். குடிதண்ணீரை அடியோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரவோடு இரவாகக் குழாயில் துளை விழும், அதை அடைக்க 450ஐவிடச் செலவு.

கொத்மலைக் காற்று

தொட்டி மூடிக்குப் பூட்டு? யாரிடம் சாவி?

பீலிக்கரை

இரண்டு பூட்டு. ஒரு சாவி மேல் லயத்தில், மற்றது கீழ் லயத்தில். இரண்டும் வந்தால்தான் மூடி திறக்கும். மூடியில் ஒரு பக்கம் கம்பி வலை வையுங்கள், திறக்காமலே பார்க்கலாம்.

லிந்துலை வாசகன்

மழைக்கு இலை வந்து அடைத்தால் நடுச்சாமத்தில் இரண்டு பேரையும் எழுப்ப வேண்டுமே?

பீலிக்கரை

அடைப்பது தொட்டியில் இல்லை, ஊற்று வாயில். சல்லடையை அங்கே போடுங்கள், அதற்குப் பூட்டு வேண்டாம். தொட்டியின் வழிந்தோடும் குழாய் வெட்டுகளைவிட நாலு அங்குலம் மேலே, வெளிப்பக்கம் திறந்து கானுக்குள் விழட்டும். இரவில் அந்தக் குழாயில் சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விடிந்ததும் இரண்டு சாவியோடும் போனால் போதும்.